ரொத்தெனஃப் பாறைச் சிலைகள்: கொள்ளையர் கதையும் காது கேளாத சாமியாரும்

கேள்வி (புதுச்சேரி நெல்லித்தோப்பு வாசகர்), பிப்ரவரி 2

எங்கள் பங்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பிரான்சில் ஏதோ ஒரு கடலோரப் பாறையில் முந்நூறு சிலைகள். செவிடும் ஊமையுமான ஒரு குருவானவர், கடற்கொள்ளையர் குடும்பத்தின் சாபக் கதையைக் கல்லில் செதுக்கி ஊனத்தை வென்றார், எல்லோருக்கும் பகிருங்கள் என்று பின்குரல் சொல்கிறது. அப்படி ஒரு சாமியார் இருந்தாரா? அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3

இருந்தார். பெயர் அபே ஃபூரே (அபே என்றால் பிரெஞ்சில் சாமியார்), முழுப்பெயர் அடோல்ஃப் ஜூலியன் ஃபூரே. 1839-ல் பிரான்சின் வடமேற்கே பிரெத்தாஞ் பகுதியில் சேன்-துவால் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1863-ல் குருப்பட்டம். ரென் மறைமாவட்டத்தில் ஊர் ஊராகப் பங்குப் பணி. காது மங்கி, பங்கை நடத்த முடியாமல் போய், 1893-ல் சேன்-மாலோ துறைமுக நகரத்தை ஒட்டிய ரொத்தெனஃப் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது ஐம்பத்து நான்கு வயது. அடுத்த ஆண்டு வாக்கில், ஊர்க்கோடியில் கடலைப் பார்த்த பாறைச் சரிவில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிட்டார். சுமார் 1907 வரை எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் வந்தபிறகுதான் கை நின்றது. 1910 பிப்ரவரி 10 அன்று அங்கேயே இறந்தார்.

வீடியோவில் பாறை நிஜம், சாமியார் நிஜம், காது நிஜம். கொள்ளையர், சாபம், "வென்றார்" மூன்றும் வேறு கதை. பொறுமையாக எழுதுகிறேன். இப்போது பட்டறையில் ஆள் வந்திருக்கிறது.

பிப்ரவரி 3, இரவு

நான் ஏன் இதில் மூக்கை நுழைக்கிறேன் என்று கேட்கலாம். வில்லியனூர் ரோட்டில் எங்களுக்குக் கல்லறைக் கல் பட்டறை. அப்பா காலத்தில் எல்லாம் கை உளி. என் காலத்தில் கட்டிங் மெஷின் வந்தது, மகன் காலத்தில் கம்ப்யூட்டர் எழுத்து வெட்டுகிறது. அந்த மெஷினோடு குடும்பம் நடத்தியதில் என் வலது காது ஏறக்குறைய போய்விட்டது, இடது காதும் அரைகுறை. தங்கை ரென் நகரத்தில் இருக்கிறாள். அவள் புகுந்த வீடு பழைய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை. அங்கே போயிருந்தபோது, "அண்ணே, உனக்கென்றே ஒரு இடம் இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

ஆக, கல் வேலை செய்து காது போனவன், காது போனபிறகு கல் வேலைக்கு வந்தவரின் இடத்தைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் வரிசை தலைகீழ். அவ்வளவுதான் எனக்கிருக்கும் தகுதி.

பிப்ரவரி 4

முதலில் "ஊமை". பல சுற்றுலாக் குறிப்புகளில் அவருக்கு ஒரே நாளில் வாதம் வந்து செவியும் பேச்சும் சேர்ந்து போனதாகவும், அந்தத் துக்கத்தில் கல்லைத் தொட்டதாகவும் எழுதியிருக்கும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலில் போனது காது. உடம்பைச் சாய்த்த வாதம் கடைசியில் வந்தது, அதோடு வேலை முடிந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் கதைக்கு வசதி, அவருக்கு அநியாயம். காது கேளாமை அவர் கையை ஒன்றும் செய்யவில்லை. உளி அடிக்கக் காது வேண்டாம். வாதத்தை அவர் வெல்லவில்லை, யாரும் வெல்லவும் முடியாது. கை விழுந்தது, உளி கீழே போனது.

இதைச் சொன்னால் கடினமாகப் படலாம். "ஊனத்தை வென்ற" என்று ஒருவர் போடும்போது, எந்த ஊனம், எந்த வேலையை, எப்படித் தடுத்தது என்று கேட்காமலே போடுகிறார். சாமியாருக்குக் காது போனால் என்ன ஆகும் தெரியுமா? பிரசங்கம் வைக்கலாம், பூசை வைக்கலாம். லத்தீன் பூசைக்கு எதிர்ப்பாட்டு கேட்காவிட்டாலும் மனப்பாடம். பாவசங்கீர்த்தனம், அதாவது ஒருவர் தன் பாவத்தை மெல்லச் சொல்வதை, கேட்க முடியாது. நோயாளி படுக்கையில் முனகுவது கேட்காது. பங்குக்காரர் சண்டை கேட்காது (இது ஒரு பாக்கியம் என்று எங்கள் கோயில்பிள்ளை சொல்வார்). பங்குச் சாமியார் வேலையில் முக்கால்வாசி கேட்கிற வேலை. அது போனது. போனதால் நேரம் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் பாறை இருந்தது. நான் புரிந்துகொண்டது இவ்வளவே.

பிப்ரவரி 4, கொஞ்சம் கழித்து

பாவசங்கீர்த்தனம் என்றதும் ஞாபகம் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பங்குக்கு ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் உதவிக்கு ஒரு வயதான சாமியார் வருவார். காது மந்தம். முதல் நாள் பையன்கள் எல்லோரும் அவருடைய பாவசங்கீர்த்தனத் தொட்டி (சாமியார் உள்ளே உட்காரும் கூண்டு) முன்னால் வரிசை கட்டினோம், காது கேட்காத ஆளிடம் சொன்னால் சேதாரம் இல்லை என்ற கணக்கு. முதலில் போனவன் மெல்ல ஏதோ சொன்னான். உள்ளேயிருந்து, "என்ன? எடுத்தியா? யாரு வீட்டு மாங்கா?" என்று கோயில் முழுக்கக் கேட்கிற குரல். காது கேளாதவருக்குத் தன் குரலின் உயரம் தெரியாது என்பது அன்றைக்குப் புரியவில்லை, இப்போது எனக்கே வீட்டில் தினமும் புரியவைக்கிறார்கள். அடுத்த நிமிஷம் வரிசை முழுக்கப் பக்கத்துத் தொட்டிக்கு மாறியது.

சிரித்தோம். அவர் தனியாக உள்ளே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் வரவில்லை.

பிப்ரவரி 5

தட்டாஞ்சாவடித் தம்பி கேட்டது: "திருச்சபைச் சட்டப்படி உடல்குறை உள்ளவர் குருவாகவே முடியாதே, இவர் எப்படி?"

பாதி சரி. 1917-ல் வந்த சட்டத் தொகுப்பில், பலவீனத்தால் பீடப்பணியைப் பாதுகாப்பாகவோ, உருக்குறையால் கண்ணியமாகவோ செய்ய முடியாதவர் குருப்பட்டம் பெறத் தடை என்று இருந்தது. அதற்கு முன்பும் பல நூற்றாண்டுகளாக அதே வழக்கம்தான். வேர் பைபிளில் லேவியர் 21-ம் அதிகாரம்: குருடர், முடவர், கூனர், கைகால் முறிந்தவர் பலி செலுத்த நெருங்கக் கூடாது. இரண்டு விஷயம் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் காது கேளாதவர் இல்லை. இரண்டாவது, அதே அதிகாரம் அவர்களுக்குப் புனித உணவில் பங்கு உண்டு என்றும் சொல்கிறது. சாப்பாடு உண்டு, பீடம் கிடையாது. ஃபூரேவின் நிலையும் ஏறக்குறைய அதுதான். பட்டம் பறிபோகவில்லை, பங்கு போனது.

பட்டம் வாங்கியபிறகு குறை வந்தால் விதி கொஞ்சம் இளகும். 1917 தொகுப்பே, ஏற்கெனவே குருவானவரைத் தடுக்க இன்னும் பெரிய குறை வேண்டும் என்கிறது. 1983-ல் வந்த புதுத் தொகுப்பில் உடல்குறைத் தடை அடியோடு இல்லை. மனநோய் பற்றி மட்டும் ஒரு பிரிவு இருக்கிறது, அதுவும் நிபுணர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

ஆக, தம்பி, "முடியாதே" என்பதை "முடியாமல் இருந்தது" என்று மாற்றிக்கொள்ளலாம். கொரியாவில் 2007-ல் காது கேளாத ஒருவர் குருவானார். பக்கத்திலே, திருச்சூரில் 2024 மே மாதம் ஒருவர் பட்டம் பெற்றார், காது கேளாத, வாய் பேசாத முதல் இந்தியக் குரு என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சைகையிலேயே பூசை.

பிப்ரவரி 5, இரவு

இதே பேச்சில் ஒரு பழைய கதை. இசாக் ஜோக் என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு, 1642-ல் வட அமெரிக்காவில் சிறைபிடிக்கப்பட்டு விரல்கள் சிதைக்கப்பட்டவர். தப்பி ஊர் திரும்பியபோது சிக்கல்: நற்கருணை அப்பத்தை இன்னின்ன விரலால்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி, அந்த விரல்கள் இல்லை. எட்டாம் உர்பான் பாப்பரசரிடம் தனி அனுமதி வாங்கித்தான் மறுபடி பூசை வைத்தார். வேதசாட்சியைப் பீடத்திலிருந்து தள்ளுவது வெட்கக்கேடு என்கிற பொருளில் பாப்பரசர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். பிறகு அங்கேயே திரும்பிப் போய் 1646-ல் கொல்லப்பட்டார்.

அவருக்கு விதி வளைந்தது, ஏனென்றால் காயத்துக்குப் பின்னால் வீரம் இருந்தது. கிழவயதில் காது மங்குவதில் என்ன வீரம்? யாரும் ரோமாபுரிக்கு எழுத மாட்டார்கள்.

பிப்ரவரி 6

சிலைகளைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று நெல்லித்தோப்பு அன்பர் திட்டுகிறார். சரி.

கிரானைட் ஜாதிப் பாறை. நம்ம திருவக்கரைப் பக்கத்துக் கருங்கல் மாதிரி ஒரே நிறம் இல்லை, வரிவரியாக, பிசைந்ததுபோல் ஓடும். சேன்-மாலோ வட்டாரத்தின் தனிக்குணம் அது. அதில் அவர் தனிச்சிலை எதுவும் எடுக்கவில்லை. பாறை எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே மூக்கு, எங்கே பள்ளமோ அங்கே வாய். படுத்த உடல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக முகங்கள், மீன்வால், பூதம், தொப்பிக்காரன், தாடிக்காரன். சுமார் முந்நூறு உருவம் என்கிறார்கள். எல்லாம் ஆழமில்லாத செதுக்கல்.

மாமல்லபுரத்துச் சிற்பி பார்த்தால் சிரிப்பார். தாளம் இல்லை, அளவு இல்லை, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. நானே முதலில் நின்றபோது, "பொளி விட்டிருக்கார், மெருகு தெரியாது" என்றுதான் தங்கையிடம் சொன்னேன். தனித்தனியாகப் பார்த்தால் பாதி சுமார். சிலது மோசம். அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு இடத்தில் உட்கார்ந்து, சரிவு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே கல் முடிகிறது, எங்கே ஆள் தொடங்குகிறான் என்று கண் தேட ஆரம்பிக்கும். படிப்பில்லாத கை மட்டும் அதைச் செய்யாது. அந்தப் பாறையை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்த கண் இருக்க வேண்டும்.

கை உளி வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொன்று. கிரானைட்டில் உளி நாள் முழுக்க நிற்காது. முனை மழுங்கும், பட்டறையில் காய்ச்சித் தட்டிக் கூர் ஏற்ற வேண்டும், தண்ணீரில் தோய்க்கிற பதம் தப்பினால் முனை உடையும். எங்கள் அப்பாவுக்கு உளி காய்ச்ச ஒரு ஆள் தனியாக இருந்தார். ஐம்பது வயதுக்குமேல் இதைப் பழகிய ஒருவர், காற்றும் உப்புமான சரிவில், பத்துப் பன்னிரண்டு வருஷம். எனக்கு மலைப்பு இங்கேதான். காதில் இல்லை.

பிப்ரவரி 6, ஒரு சேர்க்கை

வீட்டுக்குள் அவர் செய்த மரச்சிலைகளும் இருந்தன. வேர், கிளை, கிடைத்த கட்டை, எல்லாவற்றையும் செதுக்கி வண்ணம் அடித்துத் தோட்டத்திலும் வீட்டிலும் வைத்திருந்தார். அவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு அழிந்துபோயின. இன்றைக்கு அஞ்சலட்டைப் படங்களில்தான் பார்க்க முடியும். அஞ்சலட்டை எக்கச்சக்கம். அந்தக் காலத்திலேயே கோடை விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்திருக்கிறார்கள், அட்டைகள் வாங்கியிருக்கிறார்கள். ரொத்தெனஃப் துறவி என்று பெயர், ஆனால் அவ்வளவு விருந்தாளிகளைப் பார்த்த துறவி அந்த வட்டாரத்தில் வேறு இருந்திருக்க முடியாது.

பிப்ரவரி 7

கொள்ளையர் கதைக்கு வருவோம். ரொத்தெனஃப் என்ற பெயரில் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு கடத்தல், கொள்ளைக் குடும்பம் இருந்ததாம், அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிலையாம், கடைசியில் கடல் பூதங்கள் தின்றுவிட்டனவாம். இதெல்லாம் அவர் இறந்தபிறகு சுற்றுலாக்காரர்களுக்காகப் பரவியது. அவர் செதுக்கியவை அந்த வட்டாரத்துப் புனிதர்கள், பிரெத்தாஞ் வரலாறு, பழங்கதை, அன்றைய உலகச் செய்தியில் அடிபட்ட ஆட்கள். புனித பூதோக்குக்கு ஒரு கல்லறை மாதிரி செய்திருக்கிறார். கனடாவுக்குக் கப்பல் விட்ட ழாக் கார்த்தியே இருக்கிறார், அவருடைய பண்ணை வீடு அதே ரொத்தெனஃப்பில் இன்றும் நிற்கிறது.

யோசித்துப் பாருங்கள். காது கேளாத ஒரு சாமியார் தினமும் செய்தித்தாள் படித்து, உலக நடப்பைக் கல்லில் வெட்டினார் என்பதைவிடக் கொள்ளையர் சாபம் நன்றாக விற்கிறது. நுழைவுச்சீட்டு விற்கும் இடத்தில் யார் எதைச் சொல்வார்கள்?

பிப்ரவரி 7, மாலை

முத்தியால்பேட்டை அக்கா இசைப்பக்கம் இழுத்துவிட்டார்: "விவால்டியும் சாமியார்தானே, அவருக்கும் ஏதோ உடம்புக்கு முடியாது இல்லையா?"

ஆமாம் அக்கா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்தோனியோ விவால்டி 1703-ல் குருவானார், சிவந்த முடி என்பதால் "செங்குரு" என்று பட்டப்பெயர். கொஞ்ச காலத்திலேயே பூசை வைப்பதை நிறுத்திவிட்டார். ஊர் என்ன பேசியது தெரியுமா? நடுப்பூசையில் ஒரு ராகம் தோன்றியதும் சக்ரீஸ்துக்கு (பூசை உடை மாற்றும் அறை) ஓடிப்போய் எழுதி வைத்துவிட்டு வந்தாராம், அதனால் தடை போட்டார்களாம். அவரே 1737-ல் எழுதிய கடிதத்தில் காரணம் தெளிவாக இருக்கிறது: பிறந்ததிலிருந்தே மார்பு இறுக்கம், மூச்சு முட்டும், மூன்று முறை பூசையை முடிக்காமலே பீடத்தை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்கிறார்கள்.

நோயாளி தன் கைப்பட எழுதியும், ராகக் கதைதான் இன்றுவரை ஓடுகிறது. மூச்சிரைப்பில் சுவாரசியம் இல்லை.

பிப்ரவரி 8

பிரேசில் அலெய்ஜாதின்யோவைச் சிலர் கேட்கிறார்கள். அவர் குரு அல்ல, சிற்பி, கட்டடக்காரர். நடுவயதில் வந்த கொடிய நோயில் கைகால் சிதைந்தபிறகு, கருவிகளைக் கையோடு கட்டிக்கொண்டு வேலை செய்ததாக வரலாறு. கொங்கோன்யாஸ் ஊர்க் கோயில் முன்னால் பன்னிரண்டு இறைவாக்கினர் மாக்கல் சிலைகள், 1800 முதல் 1805 வரை செய்தவை. மாக்கல்லில் நகத்தால்கூடக் கீறலாம், அதனால் சாதனை குறைந்துவிடாது. பட்டறைக்காரன் என்பதால் சொன்னேன். தனி இழை போடுங்கள், அதில் வருகிறேன்.

பிப்ரவரி 9

ஒரு தம்பி: "அண்ணே, நம்ம ராக் பீச்சில் கொட்டியிருக்கிற கல்லில் இதே மாதிரி செதுக்கலாமே?"

செதுக்கலாம். முதல் நாள் போலீஸ், இரண்டாம் நாள் பொதுப்பணித்துறை, மூன்றாம் நாள் செல்ஃபிக் கூட்டம். அந்தக் கல் அங்கே பிறந்த கல்லே இல்லை தம்பி. எண்பதுகளின் கடைசியில் துறைமுக வாயில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அங்கேயே நின்றது, ஊர்க்கடற்கரை கரைந்தது, அதைக் காக்க லாரி லாரியாகக் கொட்டிய கல் அது. அலை புரட்டிப்போடும். ஃபூரேவின் பாறை தாய்ப்பாறை, மலையோடு ஒட்டியது.

கடலும் வேறு. நம்ம கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் வந்தாலே அதிகம். சேன்-மாலோவில் பன்னிரண்டு மீட்டர்கூடப் போகும். மூன்று மாடி உயரத்துக்குக் கடல் ஏறி இறங்குகிறது. பக்கத்து ரான்ஸ் ஆற்று முகத்தில் அதை வைத்தே 1966-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். சிலைகள் அலைக்கு மேலே இருந்தாலும், புயல் நாளில் உப்புச்சாரல் எல்லாவற்றையும் நனைக்கும்.

பிப்ரவரி 9, தொடர்ச்சி

உப்பு என்றதால் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். கல்லில் நுண்ணிய துளைகள் இருக்கும். உப்புத்தண்ணீர் உள்ளே போய்க் காய்ந்தால் உப்பு படிகமாக வளர்ந்து மேல்தோலைத் தள்ளும். பொடிப்பொடியாக உதிரும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறது, சுற்றிலும் கல் தடுப்பும் போட்டிருக்கிறது. ரொத்தெனஃப்பில் மேலே பாசி, மக்கள் ஏறி நடந்த தேய்மானம், காற்று, எல்லாம் சேர்ந்து நூற்றுச்சொச்சம் வருஷத்திலேயே முகங்கள் வழவழப்பாகிவிட்டன. பழைய அஞ்சலட்டையில் கூர்மையாகத் தெரியும் கண் இமை, இப்போது கையால் தடவினால்தான் இருப்பது தெரியும். ஆழமில்லாத செதுக்கலுக்கு இதுதான் கதி. மெருகு போட்டிருந்தால் தண்ணீர் கொஞ்சம் வழிந்திருக்கும். சாமியாரிடம் அப்போது சொல்லியிருக்கலாம், காதில் விழுந்திருக்காது.

பிப்ரவரி 10

இன்று அவர் நினைவு நாள். பங்கு அலுவலகத்தில் பூசைக் கருத்து எழுதப் போனேன். "இறந்தவர் பெயர்?" அடோல்ஃப் ஃபூரே. "எந்தத் தெரு?" சேன்-மாலோ. "எந்த சேன்-மாலோ, முதலியார்பேட்டைக்கு அந்தாண்டையா?" நான் இரண்டு முறை "ஆங்?" என்று கேட்டபிறகு இது புரிந்தது. "உறவு?" என்றார். ஒரே தொழில் என்றேன். எழுதிக்கொண்டார்.

பெரிய பூசையில் பெயரை வாசித்தார்கள், நான் வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 12

கோரிமேட்டுக்காரர் சேன்-மாலோவுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லையே என்கிறார். நல்ல சம்பந்தம் உண்டு. மாஹே தெ லபூர்தொனே அந்த ஊர்க்காரர், 1699-ல் பிறந்தவர். நம்ம ஊரில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. 1746-ல் கப்பற்படையோடு வந்து சென்னையைப் பிடித்தவர், பிறகு பணயத்தொகை விஷயத்தில் புதுச்சேரி கவர்னர் துப்ளெக்ஸோடு முட்டிக்கொண்டு, கடைசியில் பாரீசின் பாஸ்தி சிறைவரை போனார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் அந்தச் சண்டை பக்கம் பக்கமாக வரும். கொள்ளையர் கதை வேண்டுமென்றால் அந்த ஊரில் அசல் ஆட்களே இருக்கிறார்கள், சாமியார் பாறையைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பிப்ரவரி 15

"அவருக்குச் சைகை மொழி தெரிந்திருந்தால் பங்கிலேயே இருந்திருப்பாரே, பாரீசில் அபே தெ லெப்பே அதற்கு நூறு வருஷம் முன்பே பள்ளி வைத்தாரே" என்று ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வியை இரண்டு நாள் மனதில் போட்டுப் புரட்டினேன்.

உண்மைதான், 1760-களிலேயே அந்தக் குரு பாரீசில் காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகையில் பாடம் நடத்தினார். ஆனால் பிறவியிலேயே கேளாதவர்களும், பாதி வயதில் கேளாமல் போனவர்களும் வேறு வேறு ஊர்க்காரர்கள். பிறவியிலேயே கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி, நண்பர்கள், ஒரு மொழி, ஒரு கூட்டம் அமையலாம். ஐம்பது வயதில் காது போனவனுக்கு அமைவது "ஆங்?" மட்டும். நான் இப்போது சைகை கற்றால் வீட்டில் யாரோடு பேச? மனைவிக்குத் தெரியாது, பட்டறை ஆட்களுக்குத் தெரியாது. பங்குமக்கள் முந்நூறு பேருக்கும் சேர்த்து யார் கற்றுக்கொடுப்பார்கள்? மெஷின் வாங்கிக் காதில் வைத்தேன். கோயிலில் ஸ்பீக்கர் எதிரொலி, மின்விசிறிச் சத்தம், பிள்ளை அழுகை, எல்லாவற்றையும் பிரசங்கத்தோடு சேர்த்து ஒரே அளவில் பெருக்கித் தருகிறது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். முன்வரிசையில் உட்காருகிறேன். அது போதுமானதாக இருக்கிறது, பாதிநாள்.

இன்றைய சட்டப்படி மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். எனக்கு ஒரு காகிதம் போதும் என்று எங்கள் இளம் சாமியாரிடம் சொன்னேன். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அங்கேயே கிழித்து என் கையில் கொடுத்தார். என் கையெழுத்து அவருக்குப் புரிந்ததா என்பது சந்தேகம்.

பிப்ரவரி 18

நான்காம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். "காது போனது, நேரம் கிடைத்தது" என்று கணக்குப் பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறேன் என்று முத்தியால்பேட்டை அக்கா சொல்கிறார். "நேரம் கிடைத்த எல்லோரும் பாறையையா செதுக்குகிறார்கள்? உங்க அண்ணன் ரிடையராகி டிவிதானே பார்க்கிறார்?"

நியாயம். நேரம் மட்டும் போதாது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் காது கேளாமையிலிருந்து கலை பிறந்தது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அப்படியென்றால் என் பட்டறையில் மெஷின் பிடித்த நாலு பேரும் இந்நேரம் கலைஞர்கள் ஆகியிருக்க வேண்டும். ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். இன்னொருவருக்கு நெஞ்சில் கல்தூசி படிந்து மூச்சு வாங்குகிறது, அவரை நினைத்து யாரும் வீடியோ போட மாட்டார்கள்.

அவரிடம் ஏதோ ஒன்று முன்பே இருந்திருக்கிறது. பங்குப் பணி அதை மூடி வைத்திருந்தது. அக்காவுக்கு என்னால் முடிந்த பதில் இது.

பிப்ரவரி 23

தங்கை ஒரு பழைய சாமான் சந்தையில் வாங்கிய அஞ்சலட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். கறுப்பு அங்கி, தொப்பி, வெள்ளை முடி, சிலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். கேமராவைப் பார்த்துப் போஸ் கொடுக்கிறார், அதில் ஒரு கொஞ்சம் பெருமிதமும் தெரிகிறது. துக்கத்தில் கல்லைத் தொட்ட ஆளின் முகம் இல்லை இது. கடை விரித்தவர் முகம். எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது.

பின்பக்கம் எழுதியவர் சாமியாரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மழை, ரயில் நேரம், அத்தைக்கு வணக்கம்.

மார்ச் 1

அடுத்த மாதம் மகளைப் பார்க்கப் பிரான்ஸ் போகிற அன்பருக்கு: சேன்-மாலோவிலிருந்து நகரப் பேருந்திலேயே ரொத்தெனஃப் போகலாம். தனியார் இடம், சிறு கட்டணம் உண்டு. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், பாறை வழுக்கும், செருப்பு உதவாது, ஷூ வேண்டும். அம்மாவையும் கூட்டிப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முட்டிவலி என்றால் கீழே இறக்க வேண்டாம், படியும் பாறையும் சமமாக இருக்காது, சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. மேலேயிருந்தே சரிவு பாதி தெரியும். அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் இறங்குங்கள். யாராவது கொள்ளையர் கதை சொல்ல ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன். காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.